அம்மைக்குத் தாகம்

மயிலாடி ஸ்டாண்டில் புதிதாக வண்டிச் சாவி வாங்கியிருக்கும் தம்பிகளே,

நம் டிரைவர் சங்கத்தின் ஆண்டு மலருக்கு ஏதாவது எழுதித் தாருங்கள் என்று கேட்டு வந்தவர்கள், 'சாலைப் பாதுகாப்பு' என்று தலைப்பையும் கையோடு கொண்டுவந்தார்கள். சாலைப் பாதுகாப்பைப் பற்றிய நல்ல வார்த்தைகளையெல்லாம் ஏற்கெனவே நம் வண்டிகளின் பின்பக்கத்தில் பெயிண்டில் எழுதி வைத்திருக்கிறோம். அதை வாசிப்பவன் நமக்கு ஒரு முழம் பின்னால் ஒட்டிக்கொண்டு ஹாரன் அடிப்பவன்தான். வாசித்துத் திருந்திய ஒருவனைக்கூட நான் என் கண்ணாடியில் பார்த்ததில்லை. அதனால் அந்தத் தலைப்பை நான் தொடப் போவதில்லை.

கிளட்ச், கியர், கயிறு கட்டுவது, தார்ப்பாய் மூடுவது எல்லாம் உங்களுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். என் முதல் வண்டியின் ஸ்டீயரிங்கைத் திருப்பத் தோளில் பலம் வேண்டும். உங்களுக்கு ஒரு விரல் போதும். ஆனால் ஒரு விஷயத்தில் உங்கள் வண்டியும் என் வண்டியும் ஒன்றுதான். அதில் உட்காருபவனுக்குக் கோபம் வரும். அதைப் பற்றிப் பேச எனக்கு முழுத் தகுதி உண்டு. எங்கள் குடும்பத்தில் சர்க்கரை கிடையாது, ரத்தக்கொதிப்பு கிடையாது. கோபம் மட்டும் தலைமுறை தவறாமல் வந்துகொண்டிருக்கிறது.

மணல் ஏற்றிக்கொண்டு போகும்போது டிரைவருக்குக் கோபம் வந்தால் மணலுக்குத் தெரியாது. நாம் ஏற்றுவது சாமி சிலை. வைக்கோல் மெத்தையில் மல்லாந்து படுத்து, முகத்தைப் புதுத்துணியால் மூடிக்கொண்டு வருகிற கல். மூக்கு நுனியில் ஓர் அரிசி அளவு பெயர்ந்தாலும் பின்னம் என்று சொல்லிவிடுவார்கள். பிறகு அதை எந்தக் கருவறையிலும் வைக்க மாட்டார்கள். மாதக்கணக்கில் ஒருவர் உளி பிடித்த உழைப்பு, ஓர் ஊரே காத்திருந்த காத்திருப்பு, எல்லாம் ஒரு பிரேக்கில் போய்விடும். அந்தப் பிரேக்கை மிதிப்பது கால்தான். கோபம் வாய்க்கு வருவதற்கு முன்னால் காலுக்கு வந்துவிடும் என்பது இத்தனை வருடம் ஓட்டியதில் எனக்குத் தெரிந்த ஒரே தத்துவம். வாய் திறந்து திட்டும்போது நமக்குத் தெரிகிறது. கால் கோபித்துக்கொண்டது பின்னால் இருப்பவனுக்குத்தான் தெரிகிறது.

பின்னால் இருப்பவன் என்றால் சிலைக்குப் பக்கத்தில் வைக்கோலில் உட்கார்ந்து வரும் லோடுமேன். என் வண்டியில் வந்த லோடுமேன்களுக்குத் தலைவராக ஒருவர் இருந்தார். பெயரைப் போட்டால் கோபித்துக்கொள்வார். அவர் கோபித்து நான் ஒருமுறைகூடப் பார்த்ததில்லை, அதனாலேயே பயமாக இருக்கிறது. 'லோடுமேன் அண்ணாச்சி' என்றே வைத்துக்கொள்வோம். வெற்றிலை வாயும் சிரித்த கண்ணுமாக இருப்பார். அவர் எந்த டிரைவரிடமும் மெதுவாகப் போ என்று சொன்னதில்லை. ஏன் என்று கேட்டதற்கு, "டிரைவரிட்ட மெதுவா போன்னு சொன்னா போவானாவே? சொன்னவனுக்குக் காட்டணும்னு இன்னொரு மிதி மிதிப்பான்" என்றார்.

அதற்குப் பதிலாக அவர் ஒரு வழக்கம் வைத்திருந்தார். வண்டியின் போக்கு முதுகில் ஒரு மாதிரி தட்டுப்பட்டால், டிரைவர் கேபினின் பின்பலகையில் இரண்டு தட்டுத் தட்டி, ஏற்றியிருப்பது அம்மன் சிலை என்றால் "டிரைவரே, அம்மைக்குத் தாகம்" என்பார். அவ்வளவுதான். அடுத்த சாயாக்கடையில் வண்டியை நிறுத்திவிட வேண்டும். ஏன், எதற்கு என்று யாரும் கேட்கக்கூடாது. டிரைவர் இறங்கிப் போய், ஒரு செம்பில் தண்ணீர் வாங்கி, பின்னால் ஏறி, தன் கையால் சிலையின் பாதத்தில் நாலு சொட்டுத் தெளிக்க வேண்டும். பிறகு எல்லோருக்கும் சாயா. சாமி கேட்ட தண்ணீர் என்பதால் டிரைவருக்கு மரியாதைக் குறைவு இல்லை. ஸ்டீயரிங்கை விட்டு இறங்கி நாலடி நடந்ததில் காலும் ஆறியிருக்கும்.

பிள்ளையார் வந்தால் பிள்ளையாருக்குத் தாகம். ஒருமுறை ஓர் அரசியல் தலைவரின் மார்பளவுச் சிலை ஏற்றினோம்; அன்று தலைவருக்குத் தாகம். பார்வதிபுரம் வருவதற்குள் தலைவருக்கு இரண்டு தடவை தாகம் எடுத்துவிட்டது, ஏனென்றால் அன்று எனக்குப் பல்வலி. கல்லறைக்குப் பதிக்கிற கல் ஏற்றும்போது மட்டும் அண்ணாச்சி வாயைத் திறக்க மாட்டார். "அதுல படுக்கப் போறவருக்கு ஒரு அவசரமும் இல்ல, டிரைவருக்கு என்னத்துக்கு?" என்பார்.

இனி நான் சொல்ல வந்த நாளுக்கு வருகிறேன்.

அருமனைக்கு அப்பால் ரப்பர் தோட்டங்களுக்கு நடுவே ஓர் ஊர். அந்த ஊர்க் கோயிலுக்கு ஒரு பகவதி அம்மன் போக வேண்டியிருந்தது. அது அந்த ஊருக்குப் போகும் இரண்டாவது அம்மன். முதல் அம்மனை ஏற்றிக்கொண்டு போனவன் நம் ஸ்டாண்டில் ஓட்டிக்கொண்டிருந்த செல்வின். அப்போது அவனுக்குத் தாடி சரியாக முளைக்கவில்லை. நானும் அண்ணாச்சியும் அன்று வேறு லோடில் இருந்தோம். ஒரு வளைவில் செல்வின் போட்ட பிரேக்கில் கட்டு நெகிழ்ந்து, அம்மனின் வலது கைச் சிறுவிரல் பலகையில் இடித்துப் பெயர்ந்துவிட்டது. ஊருக்குப் போன அம்மன் அப்படியே திரும்பி வந்தாள். கும்பாபிஷேகம் தள்ளிப்போனது.

அந்த ஊர்க் கோயில் கமிட்டிச் செயலாளர் அன்று செல்வினுக்குப் பக்கத்தில்தான் உட்கார்ந்து வந்தார். ரப்பர் ஷீட் வியாபாரி, மெலிந்த மனிதர், நின்றால் ஒரு கால் ஆடிக்கொண்டே இருக்கும். பையன் கண்மண் தெரியாமல் ஓட்டினான் என்று அவர் நம் ஸ்டாண்டிலேயே வந்து சொன்னார். செல்வின், "அவருதான் விரட்டிட்டே வந்தாரு" என்றான். யாரும் காதில் வாங்கவில்லை. "ஸ்டீயரிங் யாரு கையிலலே இருந்துது?" என்று நான்தான் கேட்டேன். அதன் பிறகு எந்தச் சிற்பப் பட்டறையிலும் அவனுக்குச் சிலை லோடு கொடுக்கவில்லை. செங்கல்லும் ஜல்லியும் ஏற்றிக்கொண்டிருந்தான். ஸ்டாண்டில் யார் வண்டியிலாவது சிலை ஏற்றினால் எழுந்து எதிர்ப்பக்கம் போய் நின்றுகொள்வான்.

புது அம்மன் தயாரானதும் செயலாளர் என்னைத் தேடி வந்தார். நான் ராசியான டிரைவர் என்று யாரோ சொன்னார்களாம்.

ஏற்றிப்போகும் நாளில் ராகு காலம் தொடங்குவதற்குள் அம்மனை ஊருக்குக் கொண்டுபோய்க் கோயில் குளத்தில் இறக்க வேண்டும். பிரதிஷ்டைக்கு முன்னால் சிலையைத் தண்ணீரில் கிடத்துவார்களே, அந்தச் சடங்கு. அது தவறினால் பின்னால் இருக்கிற எல்லாச் சடங்குகளும் தவறும். கும்பாபிஷேகம் மறுபடி தள்ளும். மறுபடி தள்ளினால் செயலாளரை ஊரில் யாரும் மதிக்க மாட்டார்கள். அவருக்கு ராசியில்லாத கை என்று ஏற்கெனவே பேச்சு வந்துவிட்டது. இதையெல்லாம் அவரே பட்டறை வாசலில் நின்று, ஒரு காலை ஆட்டிக்கொண்டே சொன்னார்.

பட்டறைப் பூஜை முடியவே தாமதமாகிவிட்டது. நாகர்கோவிலில் ஏதோ ஊர்வலம் என்று வண்டிகளைச் சுற்றிவிட்டார்கள். வில்லுக்குறிக்கு வருவதற்குள் செயலாளரின் போன் எத்தனை தடவை அடித்தது என்று எனக்குக் கணக்கில்லை. ஊர்க்காரர்களோடு ஸ்பீக்கரில் போட்டுத்தான் பேசுவார்.

"எங்கன வருதிய?"

"தக்கலை நெருங்கியாச்சு."

"தக்கலையா? இனியும் தக்கலைதானா?"

எங்கள் பக்கத்தில் 'வெப்ராளம்' என்று ஒரு சொல் உண்டு. அவசரம், பயம், எரிச்சல் மூன்றும் சேர்ந்து, இருக்கவும் விடாமல் நிற்கவும் விடாமல் ஒருவனை ஆட்டிவைப்பதற்குப் பெயர் அது. அன்று அந்த ஊர் முழுவதும் வெப்ராளத்தில் இருந்தது. ஊரின் வெப்ராளம் போன் வழியாகச் செயலாளருக்கு வந்தது. செயலாளரிடமிருந்து அது எனக்கு வர ஒரு சாண் தூரம்தான்.

போதாததற்கு என் போனும் அடித்தது. வீட்டில் இருந்து. அன்று சாயந்தரம் என் மகளைப் பெண் பார்க்க வருகிறார்கள். முதலிலேயே முடிவான நாள் அது. அதே நாளில் நான் அம்மனுக்கும் தலையாட்டிவிட்டேன். வண்டியை ஓரங்கட்டி எடுத்துப் பேசினேன்.

"இஞ்சேருங்க, நீங்க வாறியளா, இல்ல அந்தக் கல்லையே கட்டிக்கிட்டுக் கெடப்பியளா?" என்றாள் மனைவி.

"வாறேன்."

"எப்பம் வருவிய?"

"வாறேன்னு சொல்லுகேம்லா."

அந்த 'லா'வை நான் கொஞ்சம் பலமாகவே சொல்லிவிட்டேன். அவள் போனை வைத்துவிட்டாள். தம்பிகளே, சண்டை போட்டுவிட்டு மனைவி போனை வைத்த பிறகு ஸ்டீயரிங்கைத் தொடுகிறவன், பாதி லோடு அதிகமாக ஏற்றிக்கொண்டுதான் கிளம்புகிறான். எந்த எடைமேடையிலும் அது காட்டாது.

மார்த்தாண்டம் தாண்டி அருமனை ரோட்டில் திரும்பினேன். திரும்பி ஒரு கிலோமீட்டர் இருக்காது, ஒரு சிவப்புக் கார் இடது பக்கமாக நுழைந்து எனக்கு முன்னால் வந்து விழுந்தது. நான் பிரேக்கைத் தொட்டேன், மிதிக்கவில்லை, தொட்டேன். அதற்குப் பிறகு அவன் வேகமாகப் போயிருந்தால் பிரச்சினையே இல்லை. போகவில்லை. எனக்கு முன்னாலேயே உருட்டிக்கொண்டு போனான். நான் ஒதுங்கினால் அவனும் ஒதுங்கினான். ஹாரன் அடித்தேன். ஜன்னல் வழியாக ஒரு கை வெளியே வந்தது. அது என்ன காட்டியது என்பதை மலரில் எழுத முடியாது.

"விடாதேயும் டிரைவரே" என்றார் செயலாளர். இருக்கையின் விளிம்புக்கே வந்துவிட்டார். "ஏத்தும். அவனுக்க முன்னால கொண்டு போவும். எனக்கு நேரமில்ல கேட்டியளா, ஏத்தும்."

நான் வேகத்தை ஏற்றினேன். அந்த நிமிடத்தில் எனக்கு அம்மன் ஞாபகம் இல்லை, மகள் ஞாபகம் இல்லை, ராகு காலமும் ஞாபகம் இல்லை. உலகத்தில் அந்தக் காரின் பின்கண்ணாடி ஒன்றுதான் இருந்தது. அவனை முந்தி, குறுக்கே நிறுத்தி, இறங்கி, சட்டையைப் பிடிப்பது வரை எல்லாம் மனதிற்குள் நடந்து முடிந்துவிட்டது. சுகமாகத்தான் இருந்தது. கோபம் சுகமாக இருக்காது என்று உங்களிடம் யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

பின்பலகையில் இரண்டு தட்டு.

"டிரைவரே, அம்மைக்குத் தாகம்."

"யாருக்கு?" என்றார் செயலாளர்.

"அம்மைக்கு. தண்ணி குடுக்கணும். எங்களுக்க வழக்கம் அது" என்று சொன்னேன். என் குரலே எனக்கு எரிச்சலாக இருந்தது.

"இப்பமா? நேரம் என்னவாச்சுன்னு தெரியுமா? போற வழியில நிறுத்துகது எப்படி? ஓட்டும் வே."

இங்கேதான் உங்களிடம் கொஞ்சம் நிதானமாகச் சொல்ல வேண்டும். அந்த மனிதர் சொன்னதில் நியாயம் இருந்தது. நேரம் இல்லைதான். வண்டியை நிறுத்தினால் தவறிவிடும் என்று கணக்குப் பார்த்தால் தெரிந்தது. ஆனால் கணக்குப் பார்த்தது யார்? அந்தக் காரைத் துரத்திக்கொண்டிருந்த அதே ஆள்தான். கோபமாக இருக்கும்போது நாம் போடும் கணக்கெல்லாம் 'ஏத்து' என்றே முடியும். அதனால் அந்த நேரத்தில் நான் என் கணக்கை நம்பவில்லை. முன்கூட்டியே, கோபம் இல்லாத ஒரு நாளில், இவர் தட்டினால் நிறுத்துவேன் என்று நானே ஒப்புக்கொண்டிருந்தேன். அந்த ஒப்புதலைத்தான் நம்பினேன். ஓடைப்பாலத்தை ஒட்டி ஒரு சாயாக்கடை வந்தது. நிறுத்தினேன்.

சிவப்புக் கார் வளைவில் மறைந்துபோனது. அடுத்த திருப்பத்தில் அவன் பள்ளத்தில் கிடந்தான் என்று எழுதினால் உங்களுக்குப் பிடிக்கும். கிடக்கவில்லை. சௌகரியமாக வீட்டுக்குப் போய் மத்தியானம் மீன்குழம்பு சாப்பிட்டிருப்பான்.

செம்பில் தண்ணீர் வாங்கிக்கொண்டு நான் பின்பக்கம் போனேன். செயலாளர் எனக்கு முன்னால் இறங்கி அங்கே நின்றுகொண்டிருந்தார். முகம் வெளுத்திருந்தது.

"செம்ப இங்க தாரும். நான் குடுக்கேன்" என்றார்.

"டிரைவர்தான் குடுக்கணும்" என்றேன்.

அண்ணாச்சி மேலே இருந்து என்னைப் பார்த்து, கொடு என்று தலையை அசைத்தார். கொடுத்தேன். செயலாளர் செருப்பைக் கழற்றிவிட்டு வண்டியில் ஏறினார். வைக்கோலில் மண்டியிட்டு, துணி மூடிய அம்மனின் பாதத்தில் தண்ணீர் தெளித்தார். தெளித்துவிட்டு இறங்கவில்லை. பிறகு மெதுவாகப் பேச ஆரம்பித்தார். எங்களிடம் இல்லை.

"அம்மே, போன தடவ எனக்க வாயிதான். அந்தப் பய மெதுவாத்தான் ஓட்டினான். ஏத்துடே, ஏத்துடேன்னு நான்தான் நிக்க விடாம பறஞ்சேன். வளைவுல பஸ்ஸு வாறத நான் கண்டேன், அப்பவும் ஏத்துன்னுதான் பறஞ்சேன். ஊருல கேட்டப்பம் அவனுக்க தலையில போட்டேன். அந்த விரலு நான் ஒடச்சதாக்கும். இன்னைக்கும் நான்தான் வெரட்டிட்டு வாறேன். நீ கண்டுபிடிச்சு நிறுத்திப்போட்ட."

தோளைக் குலுக்கிக்கொண்டு அழுதார். அண்ணாச்சி வேறு பக்கம் பார்த்துக்கொண்டு ஒரு முடிச்சை அவிழ்த்து மறுபடி அதே முடிச்சைப் போட்டார்.

எனக்கு என்ன ஆகியிருக்கும் என்று நினைக்கிறீர்கள்? மனம் இளகிவிட்டது என்று எழுதினால் அழகாக இருக்கும். அப்படி இல்லை. சிவப்புக் கார் மேல் வந்த கோபம் எல்லாம் ஒன்றுமில்லை என்று ஆகிற மாதிரி ஒரு கோபம் வந்தது. செல்வின் சிலை லோடைப் பார்த்ததும் எழுந்து போகிற போக்கு கண்ணில் வந்தது. நான் அவனிடம் கேட்ட கேள்வியும் வந்தது. இந்த ஆளைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு மீதித் தூரம் ஓட்ட வேண்டுமா? இங்கேயே இறக்கிவிட்டு, நடந்து போங்கள் என்று சொன்னால் என்ன? சாவியை எடுத்துக்கொண்டு கேபினை நோக்கி நடந்தேன்.

"டிரைவரே" என்றார் அண்ணாச்சி பின்னாலிருந்து.

திரும்பினேன்.

"அம்மைக்கு இன்னும் தாகம் தீரல."

என் வாழ்க்கையில் ஒரே நிறுத்தத்தில் இரண்டாவது செம்புத் தண்ணீர் தெளித்தது அன்று மட்டும்தான். நானே ஏறி, நானே தெளித்தேன். அம்மனின் வலது கை துணிக்குள் இருந்தது. துணியின் மேலாகவே அந்தச் சிறுவிரலைத் தொட்டுப் பார்த்தேன். முழுதாக இருந்தது. பிறகு இறங்கி ஒரு சாயா குடித்தேன், சூடாக, ஊதி ஊதி. செயலாளருக்கும் ஒன்று வாங்கிக் கொடுத்தேன். அன்போடு கொடுத்தேன் என்று சொல்ல மாட்டேன். கிளாஸை நீட்டினேன், அவ்வளவுதான்.

கேபினில் ஏறியதும் செயலாளர் தன் போனை அணைத்துச் சட்டைப்பைக்குள் போட்டார். "மெதுவா போவும் டிரைவரே. நேரம் போனா போவட்டும்" என்றார். நான் கோபத்தோடுதான் ஓட்டினேன். ஆனால் கோபத்தை மடியில் வைத்துக்கொண்டு ஓட்டினேன், காலில் வைத்துக்கொண்டு இல்லை. இரண்டும் ஒன்றில்லை என்பது அந்தத் தூரத்தில்தான் எனக்குப் பிடிபட்டது.

போன் அணைந்துபோனதால் ஊரில் நாங்கள் எங்கேயோ கவிழ்ந்துவிட்டோம் என்று முடிவுகட்டி, இரண்டு ஜீப்பில் தேடக் கிளம்பிவிட்டார்கள். ஊர் எல்லையில் எங்களைப் பார்த்ததும் ஜீப்புகள் திரும்பிக்கொண்டு முன்னால் போக, எல்லையில் காத்திருந்தவர்கள் செண்டை மேளம் வாசித்துக்கொண்டே எங்களைக் கூட்டிப்போனார்கள். ராகு காலத்துக்கு இன்னும் கொஞ்சம் நேரம் மிச்சம் இருந்தது. நான் போட்ட கணக்கு தப்பு.

குளக்கரையில் கட்டை அவிழ்த்துத் துணியை விலக்கினார்கள். பூசாரி அம்மனைத் தலை முதல் கால்வரை பார்த்து, வலது கையை இரண்டு தடவை பார்த்து, சரி என்று தலையசைத்தார். பெண்கள் குரவையிட்டார்கள். ஊர்த் தலைவர் மைக்கைப் பிடித்துக்கொண்டார். அம்மன் அருள், கமிட்டியின் முயற்சி என்று எல்லாம் சொல்லிவிட்டு என் பக்கம் கையை நீட்டினார்.

"போன தடவை வந்த பொறுப்பில்லாத பயலை மாதிரி இல்லாம, இந்த டிரைவர் அண்ணாச்சி பொன்னு மாதிரி கொண்டு வந்து சேர்த்திருக்காரு. அவருக்கு ஒரு பொன்னாடை."

எல்லோரும் கைதட்டினார்கள். பொன்னாடையை எடுத்துக்கொண்டு ஒருவர் என்னிடம் வந்தார். மைக் நாலடி தூரத்தில் இருக்கிறது. நான் அதைப் பிடுங்கி உண்மையைச் சொன்னால் ஊர் கேட்கும். செயலாளர் அன்றோடு முடிந்தார். செல்வினுக்காகச் சொல்கிறேனா, என் கோபத்துக்காகச் சொல்கிறேனா என்று எனக்கே தெரியவில்லை. தெரியாதபோது மிதிக்கக்கூடாது. நான் கையைக் கட்டிக்கொண்டு செயலாளரைப் பார்த்தேன். பார்த்துக்கொண்டே நின்றேன். அவர் என்னைப் பார்த்தார். பிறகு அம்மனின் கையைப் பார்த்தார். அவருடைய கால் ஆடவில்லை.

போய் மைக்கை வாங்கினார்.

"அந்தப் பயலுக்க மேல தப்பில்ல" என்றார். "செல்வின்னு பேரு. விரட்டினது நானாக்கும். வளைவுல ஏத்துன்னு பறஞ்சது நான். உங்களிட்ட மாத்திச் சொன்னேன். இதுக்கு மேல எனக்குப் பேசத் தெரியாது."

செண்டைக்காரர்கூட அடிக்கவில்லை. ஊர்த் தலைவர் பொன்னாடையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், என்ன செய்வது என்று தெரியாமல் அதை மடித்தார். கூட்டத்தில் ஒரு கிழவர்தான், "சரி, சொல்லியாச்சில்லா, நேரம் போவுது, அம்மையை இறக்குங்கடே" என்றார். அண்ணாச்சியும் ஆட்களும் கயிற்றைத் தோளில் போட்டு, படிப்படியாக அம்மனை இறக்கினார்கள். தண்ணீர் பாதத்தைத் தொட்டு, இடுப்பைத் தொட்டு, கடைசியில் அந்த வலது கையையும் மூடியது. ஈரக் கையைத் தலையில் துடைத்துக்கொண்டு அண்ணாச்சி படியேறி வந்தார்.

"இப்பம்தான் அம்மைக்குத் தாகம் தீந்துது" என்றார்.

நான் வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தபோது பெண் பார்க்க வந்தவர்கள் போய்விட்டிருந்தார்கள். ஆனால் சம்பந்தம் கூடிவிட்டது. நான் அங்கே வந்து வாயைத் திறக்காத காரணத்தால்தான் கூடியது என்று மனைவி இன்றைக்கும் மருமகனிடமே சொல்வாள். அவனும் மறுத்ததில்லை.

மறுநாள் ஸ்டாண்டில் செல்வினிடம் நடந்ததைச் சொன்னேன். நான் கேட்ட கேள்வியையும் திரும்ப எடுத்துக்கொள்கிறேன் என்றேன். அவன் ஜல்லி லோடுக்குக் கயிறு கட்டிக்கொண்டிருந்தான். "நீங்க கேட்டது சரிதான் அண்ணாச்சி. ஸ்டீயரிங் எனக்க கையிலதான் இருந்துது" என்றான். கட்டி முடித்த கயிற்றை மறுபடியும் அவிழ்த்துக் கட்டினான். அவன் சொன்னதும் உண்மைதான். கால் அவனுடையது; அதில் இருந்த வெப்ராளம் இன்னொருவருடையது. இந்த இரண்டையும் சேர்த்தே நீங்கள் ஞாபகம் வைத்துக்கொள்ள வேண்டும். பக்கத்தில் இருப்பவர் எவ்வளவு பதறினாலும், அந்தப் பதற்றத்தை வாங்கிக் காலில் போட்டுக்கொள்வது நாம்தான்.

கும்பாபிஷேகம் முடிந்து அந்தக் கோயிலுக்கு ஒரு பிள்ளையாரும் வேண்டியிருந்தது. செயலாளர் ஸ்டாண்டுக்கு வந்து, செல்வினுடைய வண்டி வேண்டும் என்றார். செல்வின் மாட்டேன் என்றான். பிறகு, "வாறேன், அவரு முன்னால இருக்கப்படாது" என்றான்.

"நான் பின்னால வைக்கோல்ல இருந்துக்கிடுகேன். முன்னால இருந்தா எனக்க வாயி சும்மா கெடக்காது" என்றார் செயலாளர்.

எனக்கு வேலை இல்லாத நாள். வேடிக்கை பார்க்க நானும் அண்ணாச்சியோடு பின்னால் ஏறிக்கொண்டேன். பிள்ளையாருக்கு ஒரு பக்கம் நாங்கள் இரண்டு பேர், மறுபக்கம் செயலாளர். செல்வின் ஓட்டினான் என்று சொல்வதைவிட நகர்த்தினான் என்று சொல்லலாம். சைக்கிள்கள் எங்களைத் தாண்டிப் போயின. "இந்தப் போக்குல போனா, போய்ச் சேரதுக்குள்ள பிள்ளையாருக்குக் கல்யாணமே ஆயிரும்" என்றார் அண்ணாச்சி. செயலாளர் வாயைக் கையால் பொத்திக்கொண்டு சிரித்தார்.

அருமனை ரோட்டில் அந்த ஓடைப்பாலம் வந்தது. வண்டியில் ஒரு குலுக்கல் இல்லை, யாருக்கும் கோபம் இல்லை. அண்ணாச்சி தட்டவில்லை. செயலாளர்தான் எழுந்து, பலகையைப் பிடித்துக்கொண்டு, இரண்டு தட்டுத் தட்டினார்.

"டிரைவரே, பிள்ளையாருக்குத் தாகம்."

வண்டி நின்றது. செல்வின் இறங்கி, கடையில் செம்பு வாங்கி, பின்பக்கம் வந்து ஏறினான். பிள்ளையாரின் பாதத்தில் நாலு சொட்டுத் தெளித்தான். செம்பில் முக்கால்வாசித் தண்ணீர் மிச்சம் இருந்தது. அதைச் செயலாளரிடம் நீட்டினான்.

அவர் வாங்கிக் குடித்தார். அதற்குப் பிறகுதான் நாங்கள் சாயா சொன்னோம்.